மணி அடிக்காத ஜெபம்

'நாற்றங்கால்' மாத இதழில் 'சின்னஞ்சிறுசுகளின் பெற்றோருக்கு' என்ற பக்கத்தை எழுதும் மதிப்பிற்குரிய பியோ அம்மா அவர்களுக்கு,

தொங்யோங் துறைமுகத்துக்கு மேலே மேட்டுத் தெருச் சபையிலிருந்து மா ஒன்-யூ எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நீங்களும் உங்கள் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் இரண்டு முறை எழுந்து போக வேண்டியதாயிற்று. அதனால் ஒரு மாதிரி சுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்ப மாதத்தை முன்னிட்டு, சிறு பிள்ளைகளை வளர்ப்பவர்கள் தங்கள் வீட்டில் பலன் தந்த யோசனைகளையும் மற்றவர்களுக்கு ஊக்கம் தரும் சாட்சிகளையும் எழுதி அனுப்பும்படி மே இதழில் கேட்டிருந்தீர்கள். தேர்வாகும் கடிதத்துக்கு இரண்டு துவாலைகள் பரிசு என்றும் போட்டிருந்தீர்கள். துவாலைக்காக நான் எழுதவில்லை. சபை ஆண்டுவிழாத் துவாலைகளே எங்கள் வீட்டில் பதினான்கு இருக்கின்றன. நான் பெற்றோரும் இல்லை. எனக்குப் பதினேழு வயது. பிள்ளைகளுக்கு நான் சித்தி. எங்கள் அப்பா அம்மா இருவரும் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அக்காவோடுதான் இருக்கிறேன். அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது, ஒரே ஒரு தவணைக்கு மட்டும் என்று சொல்லிப் பள்ளியிலிருந்து நின்றேன். இரண்டு வருடம் ஆகிறது, அந்தத் தவணை இன்னும் முடியவில்லை. அத்தான் சூரை மீன் பிடிக்கும் பெரிய கப்பலில் இருக்கிறார், வருடத்துக்கு ஒரு முறை வருவார். அக்கா சிப்பி உரிக்கும் கொட்டகைக்கு விடியுமுன்பே போய்விடுவாள். சாயங்காலம் வரும்போது அவள் விரல்கள் மடங்கியபடியே இருக்கும், கரண்டியைக்கூட நான்தான் பிடித்துக் கொடுக்க வேண்டும். நடுவில் இருக்கும் நேரமெல்லாம் என்னுடையது. அந்த நேரத்தில் சியோன் என்று ஐந்து வயதுப் பெண்ணும், யேதாம் என்று இரண்டு வயதுப் பையனும் இருக்கிறார்கள். யேதாம் என்றால் இயேசுவைப் போல இருக்கிறவன் என்று அர்த்தம். பெயர் வைத்தபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

அம்மா, உங்கள் பக்கத்தை நான் ஒரு வரி விடாமல் படிக்கிறேன், படித்தபடி செய்தும் பார்க்கிறேன். அதனால்தான் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் நல்ல காரியம் செய்யும்போதெல்லாம் தாளில் ஒரு திராட்சைப் படம் ஒட்டி, முப்பது சேர்ந்ததும் குலை நிறைந்தது என்று பரிசு கொடுங்கள் என்று நவம்பரில் எழுதியிருந்தீர்கள். திராட்சைக்குலை படம் போட்ட தாளும் ஊதா நிற ஒட்டுவில்லைகளும் வாங்கி வந்தேன். நான் துணி உலர்த்திவிட்டு வருவதற்குள் சியோன் முப்பதையும் யேதாமின் தலையில் ஒட்டியிருந்தாள். "இவன் பூராவுமே நல்லவன் சித்தி, தாள்ல இடம் பத்தல" என்றாள். முடியோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது, இப்போதுதான் பின்பக்கம் வளர்கிறது. டிசம்பரில், தினமும் பத்து நிமிடம் குடும்ப ஆராதனை நடத்தி, வேதத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பழக்குங்கள் என்று எழுதினீர்கள். கொடுத்தேன். லேவியராகமத்தில் அரை அத்தியாயம் யேதாமின் வயிற்றுக்குள் போய்விட்டது. அதே மாதம், பிள்ளை அடம்பிடித்தால் அதன் கண் மட்டத்துக்கு இறங்கி உட்கார்ந்து மூன்று முறை மெல்ல மூச்சுவிடுங்கள் என்றும் எழுதினீர்கள். மீன் சந்தை நடுவில் யேதாம் ஒரு ஆக்டோபஸ் தொட்டியைப் பார்த்து அது தனக்கு வேண்டும் என்று தரையில் புரண்டபோது, நானும் அவன் பக்கத்தில் அந்த ஈரத்தில் உட்கார்ந்து மூச்சுவிட்டேன். மீன்கார அம்மா ஒருத்தி, "ஐயோ, பெரியது மயங்கிடுச்சு, தண்ணி கொண்டாங்க!" என்று கத்தினாள். நான் எழுந்து ஓடிவந்துவிட்டேன். பாதித் தெருவில்தான் யேதாமை அங்கேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. திரும்பிப் போனபோது அவன் ஒரு சூடான மீன் அப்பத்தைத் தின்றுகொண்டு சந்தோஷமாக இருந்தான். அன்றைக்கு மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

இதெல்லாம் பெரிதில்லை. ஜனவரி இதழில் எழுதினீர்களே, அதுதான் பெரிது. "பிள்ளைகளைச் சபையின் பின்பக்கத்தில் அழுகிற குழந்தைகளுக்கென்று இருக்கும் கண்ணாடி அறையில் அடைத்துவைக்காதீர்கள், ஜெபக்கூட்டத்தில் உங்கள் பக்கத்திலேயே உட்காரவையுங்கள், உங்கள் குரலைக் கேட்டே அவர்கள் ஜெபிக்கக் கற்றுக்கொள்வார்கள்" என்று எழுதினீர்கள். சத்தியமாகக் கற்றுக்கொண்டாள் அம்மா.

எங்கள் சபையில் புதன்கிழமை மாலை எப்படி ஜெபிப்போம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் சபையிலும் அப்படித்தான் இருக்கும். போதகர் ஐயா விளக்கைக் குறைப்பார். எல்லோரும் மூன்று முறை "ஆண்டவரே!" என்று உரக்கக் கூப்பிடுவோம். அதற்குப் பிறகு அவரவர் மனதில் இருப்பதை அவரவர் சத்தமாகக் கொட்டுவோம், அறுபது பேரும் ஒரே நேரத்தில். தகரக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று யாருக்கும் கேட்காது. கடைசியில் போதகர் ஐயா மேடையிலிருக்கும் சின்ன மணியை 'டிங்' என்று தட்டுவார், எல்லோரும் நிறுத்திவிடுவோம். எனக்குக் கடையில் "பை வேண்டாம்" என்று சொல்லவே மூன்று தரம் தொண்டையைச் செரும வேண்டும். வட்டாரத் தலைவி பாங் அம்மா தெருவில் எதிரே வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொள்வேன். அப்படிப்பட்ட நான் வாரத்தில் வாய்விட்டுப் பேசுவது அந்த ஒரு இடத்தில்தான். அந்தச் சத்தத்துக்குள் நான் எதை வேண்டுமானாலும் சொல்வேன். ஆண்டவருக்கு மட்டும் கேட்கும், வேறு யாருக்கும் கேட்காது என்ற தைரியம். ஜனவரியிலிருந்து என் மடிக்குப் பக்கத்தில், என் வாய்க்கு ஒரு சாண் தள்ளி, சியோனின் காது இருந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. அவள் விளக்கு மங்கினதும் தூங்கிவிடுகிறாள் என்று நினைத்தேன். கண்ணை மூடியிருந்தாள். ஜெபத்தில் கண்ணை மூட வேண்டும் என்றும் நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள்.

இப்போது அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தானின் மூத்த அக்கா அவர், சாங்வோனில் தனியாக இருக்கிறார். பிள்ளைகளுக்கு அத்தை, நானும் அத்தை என்றே கூப்பிடுகிறேன். புத்தாண்டுக்கு நாங்கள் எல்லோரும் அவர் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தோம். அதிலிருந்தே அவர் அக்காவிடம் போனில் ஒரே பேச்சு. சியோனை என்னிடம் அனுப்பிவிடு, இங்கே பெரிய சபை இருக்கிறது, ஞாயிறு பள்ளியில் மட்டும் பன்னிரண்டு ஆசிரியைகள், பியானோவும் சொல்லிக்கொடுப்பார்கள், நான் ஒழுங்காக விசுவாசத்தில் வளர்க்கிறேன் என்று. "உங்க வீட்டுல ஒரு குழந்தை இன்னொரு குழந்தையை வளர்க்குது" என்றும் சொன்னாராம். குழந்தை என்று சொன்னது என்னைத்தான். அக்காவால் முடியாது என்று சொல்லவும் முடியவில்லை, சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. "போதகர் ஐயா வசந்தகால வீடு சந்திப்புக்கு வருவார் அண்ணி, அன்னைக்கு நீங்களும் வாங்க, அவர் முன்னாடி பேசி முடிவு பண்ணிக்கலாம்" என்று தள்ளிப்போட்டாள். அந்த நாளும் ஏப்ரல் கடைசியில் வந்துவிட்டது. அக்கா கொட்டகைக்கு லீவு போட்டாள். நான் முதல் நாளிலிருந்தே தரையைத் துடைத்தேன். நான் துடைத்த இடத்திலெல்லாம் யேதாம் மறுபடி வேலை வைத்தான். அத்தை காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். கையில் சியோன் என்று பெயர் தைத்த ஒரு புதுப் புத்தகப்பை. அதைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார். நான் அந்தப் பையைப் பார்க்காமல் ஸ்ட்ராபெரி கழுவினேன், கழுவின பழத்தையே திரும்பத் திரும்பக் கழுவினேன் போலிருக்கிறது. "பழம் கரைஞ்சிடும்டி" என்றாள் அக்கா.

போதகர் ஐயாவும் பாங் அம்மாவும் மூன்று மணிக்கு வந்தார்கள். அன்றைக்கு எங்கள் வீடு ஏழாவது வீடு. ஏப்ரல் மாதத்தில் எல்லா வீட்டிலும் ஸ்ட்ராபெரிதான் வைப்பார்கள், ஐயா ஆறு வீட்டு ஸ்ட்ராபெரியைச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார், தட்டைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு நொடி விழுந்தது. இருந்தாலும் ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். பாட்டு ஒன்று பாடினோம். அத்தை இருமிவிட்டு, "ஐயா, இந்தப் பிள்ளை விஷயமாத்தான்..." என்று ஆரம்பித்தார். ஐயா வாயில் பழத்தோடு கையைக் காட்டி, முதலில் ஜெபம், பிறகு பேச்சு என்று சைகை செய்தார். பழத்தை விழுங்க நேரம் வேண்டியிருந்தது போலிருக்கிறது, சுற்றும்முற்றும் பார்த்து, "சியோன் ஜெபிக்கட்டும். சின்னப் பிள்ளைகள் ஜெபத்தை ஆண்டவர் முதல்ல கேட்பார்" என்றார்.

சியோன் முழங்காலிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு வீடே அதிர மூன்று முறை "ஆண்டவரே!" என்றாள். பாங் அம்மாவுக்கு ஒரே பூரிப்பு, "பாருங்க, எப்படி வளர்த்திருக்காங்க" என்று அத்தையின் தொடையைத் தட்டினார். பிறகு சியோன் என் குரலில் ஆரம்பித்தாள். நான் மூக்கை உறிஞ்சும் இடத்தில்கூட அவளும் உறிஞ்சினாள்.

"ஆண்டவரே, எனக்கு முடியல. இந்த ரெண்டையும் யாராவது கூட்டிட்டுப் போகட்டும். எங்கயாவது கூட்டிட்டுப் போகட்டும்."

அத்தை மெதுவாகக் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தார். "கேட்டியா? வளர்க்கிறவளே சொல்லிட்டா. இனிமே என்ன பேச்சு இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டிப் பையைத் தன் பக்கம் இழுத்தார். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை, அவளுடைய மடங்கின விரல்களைத்தான் பார்த்தாள். எனக்கு 'அது அப்படியில்லை' என்று சொல்ல வேண்டும். தொண்டையைச் செருமினேன். ஒரு தரம், இரண்டு தரம். சத்தம் வரவில்லை. போதகர் ஐயா பழத்தை முழுசாக விழுங்கிவிட்டு "ஆமென்" என்றார்.

ஆனால் சியோன் நிறுத்தவில்லை. மணி அடிக்கும்வரை ஜெபத்தை நிறுத்தக் கூடாது என்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஜெபம். மணியோ மேட்டுத் தெருவில் மேடை மேலே இருக்கிறது.

"ஒரே ஒரு மத்தியானம் போதும் ஆண்டவரே. நான் தூங்கி எந்திரிச்சதும் திருப்பிக் கொண்டாந்து விட்டுடணும். சியோன் இல்லாம எனக்குத் தூக்கம் வராது, அவ கால் என் வயித்துல இருக்கணும். அக்காகிட்ட சொல்ல முடியல, அவளுக்குக் கை வலி. யார்கிட்டயும் சொல்ல முடியல. நீர் யார்கிட்டயும் சொல்லிடாதேயும்."

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் அழுதுவிட்டுப் போயிருப்பேன். சியோன் மூச்சை இழுத்துக்கொண்டு, "இப்ப பாங் அம்மாவோடது" என்று அறிவித்துவிட்டுக் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டாள். புதன்கிழமைகளில் அவளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பாங் அம்மா. "ஆண்டவரே, என் மருமக நான் குடுத்தனுப்பின கிம்ச்சி ஊறுகாய் டப்பாவைத் திறந்துகூடப் பாக்காம, ரொம்ப நல்லா இருந்துச்சு அத்தைங்கறா. அவளுக்கு உண்மை பேசுற நாக்கைக் குடும். எங்க போதகருக்கு இருபது நிமிஷத்துல பிரசங்கத்தை முடிக்கிற ஞானத்தைக் குடும்."

"ஆமென், ஆமென்!" என்று பாங் அம்மா கத்தினார். கையில் இருந்த பழம் குத்தும் குட்டி முள்கரண்டியால் கண்ணாடித் தம்ளரை 'டிங் டிங்' என்று தட்டவும் செய்தார். சியோன் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்து, "அது மணி இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். போதகர் ஐயாவுக்குக் காது சிவந்துவிட்டது. "பேசட்டும், பேசட்டும்" என்றார். அவருக்கு வேறு யார் யார் என்னென்ன கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது என்று நினைக்கிறேன். தப்பாக நினைத்திருந்தால் ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

"இப்ப அத்தையோடது" என்றாள் சியோன்.

புத்தாண்டு வாரத்தில் ஒரு புதன்கிழமை வந்தது, அத்தை தன் சபைக்குச் சியோனை மடியில் வைத்துக்கொண்டு போயிருந்தார். அத்தைக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. "ஏய், போதும்டி கண்ணு, எந்திரி" என்று கையை நீட்டினார். சியோனின் குரல் மட்டும் ரொம்ப மெதுவாகிவிட்டது, அத்தை அப்படித்தான் ஜெபித்திருப்பார் போலிருக்கிறது.

"ஆண்டவரே, வீடு ரொம்பப் பெரிசா இருக்கு. சோறு வெந்துடுச்சுன்னு ரைஸ் குக்கர் பொம்பளைக் குரல்ல சொல்லுது. நான் அதுக்கு, சரிம்மா வந்துட்டேன்னு பதில் சொல்றேன். நாள் பூரா என்கிட்ட பேசுறது அது ஒண்ணுதான். மகன் போன மாசம் போன் பண்ணல. எனக்கு யாரையாவது குடும். சின்னதா இருந்தாலும் போதும்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. அத்தை எழுந்து சமையல்கட்டுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவின தட்டையே கழுவ ஆரம்பித்தார். யேதாம் அந்தச் சமயம் பார்த்து மிச்சமிருந்த ஸ்ட்ராபெரி மொத்தத்தையும் அந்தப் புதுப் பைக்குள் போட்டு மூடினான். தடுக்க யாருக்கும் தெம்பில்லை. அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி என்கிட்ட சொல்லல?" என்றாள். "உனக்குக் கை..." என்றேன். "எனக்குக் கை வலிச்சா உனக்கு வாய் அடைச்சுப்போகுமா? அறுபது பேருக்கு நடுவுல கத்துறவ, அடுப்படியில என் காதுல சொல்லக் கூடாதா?" என்றாள். திட்டுகிற மாதிரித்தான் சொன்னாள், ஆனால் மடங்கின விரலால் என் சடையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பாங் அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "நான் நாலு வீடு தள்ளித்தான இருக்கேன். என்னைப் பார்த்தாலே செருப்பைக் கட்டுறா இவ. நான் இவளுக்குக் கால்ல ஏதோ வியாதின்னு நெனச்சேன்" என்றார்.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, குரல் மட்டும் பழைய குரல். "சியோனை நான் கூட்டிட்டுப் போகல. யாராவது பஸ் நேரத்தை எழுதிக் குடுங்க. செவ்வாய் வந்து வியாழன் திரும்புறேன், வாராவாரம். நான் தனியா இருக்கேன்னு யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். இந்த வீட்டு ஜன்னல் இடுக்கைத் துடைச்சு எத்தனை வருஷமாச்சுன்னு தெரியல, அதுக்காக வரேன்" என்றார். அப்போதும் சியோன் முழங்காலில்தான் இருந்தாள். போதகர் ஐயா அவள் பக்கத்தில் குனிந்து, தன் வாயாலேயே "டிங்" என்றார். அவள் உடனே கண்ணைத் திறந்து, "பழம் எங்கே?" என்று கேட்டாள்.

அதனால் அம்மா, நீங்கள் கேட்ட யோசனை என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. எனக்கு வசனம் எடுத்துக்காட்டி எழுதத் தெரியாது. சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு ஆண்டவரிடம் சொல்வதை, சத்தமில்லாத ஒரு அறையில் பக்கத்தில் இருப்பவரிடமும் ஒரு தரம் சொல்லிவிடுங்கள். ஆண்டவர் அதை முதல் புதன்கிழமையே கேட்டிருப்பார். ஆனால் நம் வீட்டுக் கரண்டியைப் பிடிக்க அவர் அனுப்ப வேண்டிய ஆள் நாலு வீடு தள்ளி இருக்கிறார், அந்த ஆளுக்குத்தான் விஷயம் தெரியவில்லை. களைத்துப்போனேன் என்று சொல்வதால் பிள்ளைகள் மேல் அன்பு குறைந்துவிட்டது என்று ஆகாது. இதை யாராவது இரண்டு வருடத்துக்கு முன்னால் உங்கள் பக்கத்தில் எழுதியிருந்தால் நான் வெட்டி ஒட்டி வைத்திருப்பேன். எங்கள் வீட்டில் இப்போது எல்லாம் சீராகிவிட்டது. அத்தை வர ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, நான் மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு மணிவரை நிம்மதியாகத் தூங்குகிறேன். சாயங்காலம் பழைய பாடப்புத்தகத்தைக்கூடத் திறக்கிறேன். ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது, எல்லாத் துதியும் அவருக்கே.

உங்கள் பேனாவையும், அதைப் பிடிக்கும் கையையும், உங்கள் வீட்டுக் குழந்தைகளையும் ஆண்டவர் காப்பாராக. அக்கா உங்களுக்குத் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னாள். யேதாமும் சொன்ன மாதிரித்தான் இருந்தது.

பணிவுடன்,
மா ஒன்-யூ

பின்குறிப்பு: மேலே கடைசியில் எழுதினது உண்மையில்லை. உங்கள் பக்கத்தில் வருகிற கடிதங்கள் எல்லாம் அப்படித்தான் முடிகின்றன என்று நானும் அப்படி முடித்துவிட்டேன், மனசு உறுத்துகிறது. அத்தை வருகிறார், அது உண்மை. முதல் நாள் யேதாமைத் தூங்கவைக்கிறேன் என்று என் மெத்தையில் ஐந்து நிமிடம் சாய்ந்தார். யேதாம் எழுந்து வந்துவிட்டான், அவர் எழவில்லை. நான்கு மணிக்கு எழுந்து, என் வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து படுத்துத் தூங்கினதே இல்லை, நாற்காலியில்தான் கண்ணயர்வேன் என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். அன்றிலிருந்து அவர் வருகிற நாளெல்லாம் இதுதான். ஜன்னல் இடுக்கு அப்படியே இருக்கிறது. முதல் வாரம் எனக்குக் கோபமாக வந்தது. இரண்டாவது வாரம் சியோன் அவர் வயிற்றின் மேல் தன் காலைப் போட்டுவைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக எடுத்துக்கொண்டு வந்தாள். இந்தக் கடிதம் முழுவதையும் வாசலில் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து, முழங்காலில் அட்டை வைத்துத்தான் எழுதினேன், இரண்டும் என் இரண்டு பக்கமும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே என் யோசனையைப் பிரசுரிக்க வேண்டாம். இல்லை, பிரசுரிக்கலாம், தூக்கத்தைப் பற்றின வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். கடிதம் அனுப்புகிறவர்கள் தொலைபேசி எண் எழுத வேண்டும் என்று போட்டிருந்ததால் உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து ஒன்றிலிருந்து நான்கு மணிவரை மட்டும் கூப்பிடாதீர்கள். எங்கள் மூன்றாவது பிள்ளை அப்போதுதான் தூங்குகிறது.